பழைய எண்ணெயிலிருந்து பயோடீசல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் பலகாரப் பட்டறைகளிலும், விடுதிச் சமையற்கூடங்களிலும், பிரானூர் பார்டர் புரோட்டாக் கடைகளிலும் பொரித்து மிஞ்சும் எண்ணெயைத் திரட்டி, ஒரு பேட்சுக்குச் சில நூறு லிட்டர் என்ற அளவில் பயோடீசல் தயாரிக்க முனைபவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. மொத்தத் துருவப் பொருள்கள் (திரும்பத் திரும்பப் பொரிப்பதால் எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. அப்படி ஒதுக்கப்படும் எண்ணெய் சாக்கடைக்கும் போகாமல், இன்னொரு கடையின் வாணலிக்கும் திரும்பாமல் எரிபொருளாக மாறுவது ஊருக்கு நல்லது. எண்ணெயோடு வினைபுரியச் சேர்க்கும் மெத்தனாலையும் (நச்சு ஆல்கஹால்), அந்த வினையைத் தூண்டும் காஸ்டிக்கையும் (கடும் காரம்) ஒழுங்காகக் கையாளாத ஆலையில் அந்த நன்மை ஒரே நாளில் அழிந்துவிடும்.

கீழே வரும் அறிகுறிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பிழை எந்தத் தொட்டியில் கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்தத் தொட்டியில் அது பிறந்திருப்பதில்லை. பயோடீசலை நீரால் கழுவும் தொட்டியில் தெரியும் கலங்கல், எண்ணெயை வினைபுரியவைக்கும் கலனான ரியாக்டரில் பிறந்தது. ரியாக்டரில் தெரியும் சோப்பு, எண்ணெயைச் சோதிக்காமல் இறக்கிய வாசலில் பிறந்தது. ஆகவே எதையும் திருத்துவதற்கு முன் ஒரு படி பின்னால் சென்று பார்க்க வேண்டும். பிழை தெரிந்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் காஸ்டிக், இன்னும் கொஞ்சம் சூடு என்று கூட்டிக்கொண்டே போவது பேட்சையும் கெடுத்து ஆபத்தையும் வளர்க்கும்.

அறிகுறி: வேலை செய்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பார்வை மங்கல்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற எல்லாப் பிழைகளும் ஒரு நாள் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. மெத்தனாலின் ஆவி மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கக்கூடும் என்பதால், “வாடை இல்லையே” என்பதை ஒரு சான்றாகக் கொள்ளக் கூடாது. அது தோல் வழியாகவும் உடலில் சேரும். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது; அந்தப் பாதிப்பு பல மணி நேரம் கழித்தே, சில வேளைகளில் ஒரு நாள் கழித்தே வெளிப்படும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான்.

பாதிக்கப்பட்டவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, நனைந்த உடைகளைக் களைந்து, தோலை நிறைய நீரால் கழுவி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மருத்துவரிடம் “மெத்தனால்” என்ற பெயரைச் சொல்ல மறக்கக் கூடாது. அதற்கென முறிமருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்குக் கண் தப்பும். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

ஆவி நிறைந்த அறைக்குள் எந்த மின் சுவிட்சையும் தொடாமல், வெளியே உள்ள முதன்மை சுவிட்சில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கதவு, சன்னல்களைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் வந்தபின் கசிவைத் தேட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் ரியாக்டர் மூடியின் கேஸ்கட், குளிர்விக்கும் நீர் நின்றுபோன கண்டென்சர் (ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீர்மமாக்கும் கருவி), திறந்தபடி விடப்பட்ட மெத்தனால் பேரல், பம்பின் சீல் ஆகியவை. மெத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை (அதன் ஆவி ஒரு தீப்பொறியில் பற்றத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 11 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியற்காலையிலும் நம் சமவெளி அந்த அளவுக்குக் குளிர்வதில்லை; ஆகவே திறந்துகிடக்கும் மெத்தனால் இங்கே ஆண்டு முழுவதும் ஒரு தீப்பொறிக்குத் தயாராகவே இருக்கிறது. காற்றில் 6 முதல் 36 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அது பற்றும்; பற்றினால் பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. அதனால் தீப்பொறி வெளிவிடாத வகை மோட்டார், பேரலுக்கும் பம்புக்கும் முறையான எர்த் இணைப்பு, ஆல்கஹாலைத் தாங்கும் நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பான், ஓடும் நீரில் கண் கழுவும் வசதி ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் இந்தத் தொழிலைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் இருப்பு வைக்கவும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். பேரலுக்குப் பூட்டும், இருப்புப் பதிவேடும் வெறும் சட்டத்துக்காக வைப்பவை அல்ல. அரை லிட்டர் வெளியே போனாலும் அது யாருடைய வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது.

அறிகுறி: எண்ணெயைச் சூடாக்கும்போது படபடவென வெடித்து, நுரைத்துப் பொங்குகிறது

எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. அடியில் தங்கிய நீர் 100 டிகிரியைத் தாண்டியதும் ஒரே நொடியில் ஆவியாகி மேலுள்ள கொதி எண்ணெயைத் தூக்கி எறியும். எண்ணெய் அடுப்பில் வழிந்தால் தீ, மேலே தெறித்தால் தீப்புண். பொங்கும் எண்ணெயில் நீரை ஊற்றுவதோ, மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதோ கூடாது. ஹீட்டரை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும்.

எண்ணெயை 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஹீட்டரை நிறுத்தி, ஓரிரவு அசையாமல் விட்டு, காலையில் அடிவால்வு வழியாக நீரையும் கசடையும் வடிப்பதே பாதுகாப்பான முறை. வடித்தபின் ஒரு கரண்டி எண்ணெயைத் தனியே ஒரு சிறு வாணலியில் 100 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கிப் பார்த்தால், சடசடப்புக் கேட்கும்வரை அந்த எண்ணெய் ரியாக்டருக்குத் தகுதி பெறவில்லை என்று பொருள். இந்தச் சோதனையை மெத்தனால் இருக்கும் கொட்டகைக்குள் செய்யக் கூடாது.

எண்ணெய்க்குள் தண்ணீர் வந்த வழியையும் தேட வேண்டும். கோழி, மீன் பொரித்த எண்ணெயில் நீரும் உப்பும் மிகுதி. தென்காசிப் பக்கம் சாரல் காலத்திலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வாய் திறந்த டின்களில் வரும் எண்ணெயைத் தனியாக நிறுத்திச் சோதிப்பது நல்லது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடானதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வெள்ளத்தில் காலிப் பேரல் மட்டுமல்ல, எண்ணெய் நிறைந்த பேரலும் மிதக்கும். எண்ணெய்த் தொட்டியைத் தரையோடு பிணைப்பதும், மெத்தனால் கிடங்கை மேட்டில் அமைப்பதும் இந்த நிலத்தில் மிகையான முன்னெச்சரிக்கை ஆகாது.

அறிகுறி: ரியாக்டரில் கலவை கெட்டியாகி, களி போல உறைகிறது

இதுவே அடிக்கடி நேரும் பிழை. ரியாக்டரில் நடக்க வேண்டியது, எண்ணெயிலுள்ள கொழுப்பு மெத்தனாலுடன் வினைபுரிந்து பயோடீசலாகவும் கிளிசரினாகவும் பிரிவது. காஸ்டிக் அதற்குத் தூண்டுபொருள் மட்டுமே. பலமுறை பொரித்த எண்ணெயில் கொழுப்பின் ஒரு பகுதி ஏற்கெனவே சிதைந்து தனிக் கொழுப்பு அமிலமாக இருக்கும். காஸ்டிக் முதலில் அந்த அமிலத்தைப் பிடித்துச் சோப்பாக்கிவிடும். தண்ணீர் இருந்தால் நல்ல கொழுப்பும் சிதைந்து சோப்பு மேலும் பெருகும்.

உறைந்த கலவையைக் காப்பாற்ற மேலும் காஸ்டிக் சேர்ப்பது மிகப் பெரிய தவறு. மெத்தனால் சேர்த்துச் சூட்டை ஏற்றுவதும் கூடாது, மெத்தனால் 64.7 டிகிரியிலேயே கொதித்துவிடும். கலவையை ஆறவிட்டு, மேலே தெளிவாக ஒதுங்கும் பகுதி இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியில் உள்ள மெத்தனாலை மூடிய கலனில் கண்டென்சர் வழியாக மீட்டபின் கிளிசரின் கழிவோடு சேர்ப்பதே சரி.

அடுத்த பேட்சில் இது நிகழாமலிருக்க, எண்ணெயின் அமிலத்தை டைட்ரேஷன் மூலம், அதாவது அதைச் சமன் செய்ய எவ்வளவு காரக் கரைசல் செலவாகிறது என்று பார்த்து, அளக்க வேண்டும். ஒரு லிட்டர் வடிநீரில் ஒரு கிராம் காஸ்டிக் பொட்டாஷைக் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டு பினாப்தலின் (காரம் மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மெல்லிய இளஞ்சிவப்பு வரும் நிலைக்குக் கொண்டுவந்தபின், சரியாக ஒரு மில்லி எண்ணெயைச் சேர்த்துக் கரைக்க வேண்டும். பிறகு மீண்டும் கரைசலைச் சொட்டாக விட்டுக் கலக்க, இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுவே முடிவு. எண்ணெய் சேர்த்தபின் செலவான மில்லி எத்தனையோ, அத்தனை கிராம் காஸ்டிக் ஒவ்வொரு லிட்டர் எண்ணெய்க்கும் கூடுதலாக வேண்டும். புதிய எண்ணெய்க்கே 90 சதவீதத் தூய்மையுள்ள காஸ்டிக் பொட்டாஷ் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம் தேவை. அதே மூட்டையிலிருந்து தயாரித்த கரைசல் 3 மில்லி செலவானால், மொத்தம் லிட்டருக்கு 10.8 கிராம் என்று கொள்ள வேண்டும். காஸ்டிக் சோடாவுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதன் மூலக்கூறு எடை வேறு.

5 மில்லியைத் தாண்டினால் தனி அமிலம் ஏறத்தாழ இரண்டரை சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். அந்த எண்ணெயை நேரடியாகக் காஸ்டிக்கில் இறக்கக் கூடாது. கந்தக அமிலமும் மெத்தனாலும் கொண்டு முன்வினை செய்து அமிலத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஆனால் செறிந்த கந்தக அமிலத்தைக் கையாளப் பயிற்சியும் தகுந்த கலனும் இல்லாத சிறு ஆலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல எண்ணெயோடு கலந்து அமில அளவைக் குறைப்பது, அல்லது சோப்புத் தயாரிப்பவருக்கு விற்றுவிடுவது எளிது. கோயில் விளக்குக்காக ஊரில் கிடைக்கும் இலுப்பெண்ணெயும், புங்க எண்ணெயும் வைத்திருந்து பழசானால் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். “மரத்து எண்ணெய், சுத்தமானது” என்ற நம்பிக்கையில் டைட்ரேஷனைத் தவிர்க்கக் கூடாது.

காஸ்டிக்கை மெத்தனாலில் கரைக்கும்போது கலவை தானாகவே சூடேறும். மூடிய எவர்சில்வர் அல்லது எச்.டி.பி.இ (கெட்டியான பிளாஸ்டிக்) கலனில், சிறிது சிறிதாகவே சேர்க்க வேண்டும். அலுமினியப் பாத்திரமோ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயோ கூடாது, காஸ்டிக் அவற்றை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். வாய் திறந்திருந்த மூட்டையில் ஈரம் ஏறிக் கட்டிப்பட்ட காஸ்டிக்கை எடை போட்டால் அந்த எடையில் ஒரு பகுதி தண்ணீருக்குப் போய்விடும்.

அறிகுறி: பல மணி நேரம் ஆகியும் கிளிசரின் அடியில் பிரியவில்லை, அல்லது மிகக் குறைவாகப் பிரிகிறது

வினை முழுமையடையவில்லை. 55 முதல் 60 டிகிரியில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் நன்றாகக் கலக்கியிருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கரும்பழுப்புக் கிளிசரின் தெளிவான அடுக்காக இறங்கிவிடும். கலக்கும் நடுவில் கரண்ட் போய், எண்ணெயும் மெத்தனாலும் பிரிந்து நின்றுவிடுவது இங்கே வழக்கமான காரணம். மெத்தனால் குறைந்திருப்பது இன்னொன்று. நூறு லிட்டர் எண்ணெய்க்குக் கணக்குப்படி 12 லிட்டரைச் சற்றுத் தாண்டினால் போதும் என்றாலும், வினை இருதிசையிலும் நடக்கக்கூடியது என்பதால், அதை முன்னோக்கித் தள்ள 20 முதல் 25 லிட்டர் வரை சேர்க்க வேண்டும். மிகுதியை மீட்டுக்கொள்ளலாம்.

சந்தேகம் இருந்தால், கழுவுவதற்கு முன், 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்கி, அறை வெப்பத்தில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். முழுதும் கரைந்து தெளிந்தால் வினை முடிந்தது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் முடியவில்லை; கிளிசரினை வடித்துவிட்டு, முதல் அளவில் ஒரு சிறு பங்கு மெத்தனாலும் காஸ்டிக்கும் கொண்டு இரண்டாம் முறை வினை நடத்த வேண்டும். கிளிசரினை வடிக்காமல் இரண்டாம் முறை சூடாக்குவதால் பயனில்லை.

அறிகுறி: கழுவும் தொட்டியில் பால் போன்ற கலங்கல், எண்ணெயும் நீரும் பிரிய மறுக்கின்றன

சோப்பு மிகுதியாக இருக்கலாம், அல்லது முன் சொன்ன அரைகுறை வினை காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறிய அதே 27-க்கு 3 சோதனையே உதவும். கலங்கலை மேலும் கலக்காமல், வெதுவெதுப்பாக்கி, கொஞ்சம் உப்புக் கரைத்த நீரைச் சேர்த்து விட்டுவைத்தால் பெரும்பாலும் பிரியும். சிட்ரிக் அமிலத்தால் உடனே பிரிக்கலாம். ஆனால் அப்போது சோப்பு மறுபடி கொழுப்பு அமிலமாகி எரிபொருளுக்குள்ளேயே கலந்துவிடும். தொட்டி தெளிந்ததாகத் தெரியும், எரிபொருளின் அமில எண் (அதிலுள்ள அமிலத்தின் அளவு) ஏறிவிடும். அவசரத்துக்கு இதைச் செய்பவர்கள் பின்னர் எஞ்சினில் அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

கழுவும் நீரையும் கவனிக்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கடின நீரிலுள்ள சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து கரையாத படலமாகி இரு அடுக்குக்கும் நடுவில் தங்கும். முதல் கழுவலை நீர்த் தெளிப்பாக, கலக்காமல் செய்வதும், மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவதும் நல்லது.

அறிகுறி: கழுவி உலர்த்திய பயோடீசல் மங்கலாக இருக்கிறது

சூடாக்கினால் தெளிந்து, ஆறியதும் மறுபடி மங்கினால் நீர் இன்னும் இருக்கிறது. பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607-இன்படி ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் நீர் கூடாது. பாமாயிலில் செய்த பயோடீசல் 15 டிகிரிக்கு அருகில் தானாகவே மங்கத் தொடங்கும். சமவெளியில் இது தொந்தரவில்லை, கொடைக்கானலுக்கு இரவில் ஏறும் லாரிக்கு டீசலோடு கலந்தே கொடுக்க வேண்டும். தெளிவாக இருந்தும் தீப்பற்று வெப்பநிலை 101 டிகிரிக்குக் கீழே வந்தால் உள்ளே மெத்தனால் மிச்சமிருக்கிறது. அந்த எரிபொருளைச் சாதாரண டீசல் என்று நினைத்துக் கேனில் ஊற்றி வைப்பது தீயை வீட்டுக்குள் வைப்பதற்குச் சமம்.

அறிகுறி: துடைத்த துணிக் குவியல் சூடாக இருக்கிறது, புகை வாடை வருகிறது

எண்ணெய் நனைந்த துணியும், எண்ணெயை வடிகட்டப் பயன்பட்ட களிமண்ணும் காற்றோடு வினைபுரிந்து தாமாகவே சூடேறி, யாரும் பற்றவைக்காமலேயே எரியக்கூடியவை. குவியலை வெளியே கொண்டுபோய் விரித்து நீரால் நனைக்க வேண்டும். அன்றாடம் அவற்றை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் நீருக்குள் போட்டு வைக்க வேண்டும்.

அறிகுறி: எஞ்சினின் டீசல் ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது

முதல் சில நிரப்பல்களில் மட்டும் அடைத்தால், பழைய டீசல் டேங்கில் படிந்திருந்த கசடைப் பயோடீசல் கரைத்துக்கொண்டு வருகிறது. இரண்டு ஃபில்டர் மாற்றினால் நின்றுவிடும். தொடர்ந்து அடைத்தால் எரிபொருளில் சோப்போ கிளிசரினோ இருக்கிறது, பிழை ஆலையில்தான். இயற்கை ரப்பர் குழாய்கள் ஊதிக் கசிவதையும், பித்தளை இணைப்புகள் எரிபொருளை வேகமாகக் கெடுப்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

அறிகுறி: கிளிசரின் பேரலில் உறைந்துவிட்டது, கழிவுநீர்க் குழியில் நுரையும் நாற்றமும்

உறைதல் காஸ்டிக் சோடாவின் இயல்பு. காஸ்டிக் பொட்டாஷுக்கு மாறினால் கிளிசரின் நீர்மமாகவே இருக்கும். உறைந்ததை நேர் தீயில் உருக்கக் கூடாது, உள்ளே மெத்தனால் இருக்கிறது. வெந்நீர்த் தொட்டியில் பேரலை நிறுத்தியே, கொட்டகைக்கு வெளியே, தீ எதுவும் இல்லாத இடத்தில் உருக்க வேண்டும்.

கழிவுநீரை அருகிலுள்ள வாய்க்காலில் விட்டால் என்ன என்று கேட்பவர்கள், அது கோடகன் கால்வாயோ, பாளையங்கால்வாயோ, நெல்லைக் கால்வாயோ எதுவானாலும், அதன் கீழே நெல் வயலும் குளமும் குளிக்கும் படித்துறையும் இருப்பதை நினைக்க வேண்டும். நீர்நிலைகளில் விடும் கழிவுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் நீரிலிருந்து எடுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், எண்ணெய்ப் பசை 10 மில்லிகிராம், பி.எச். 5.5 முதல் 9 வரை என்பது பொது வரம்பு. முதல் கழுவலின் நீர் இவற்றில் எதற்கும் அருகில்கூட வராது. குறைக்கும் வழி, கடைசிக் கழுவலின் ஏறக்குறையச் சுத்தமான நீரை அடுத்த பேட்சின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்துவது. இதனால் நீர்ச் செலவு வெகுவாகக் குறையும். மிஞ்சும் நீரைச் சுத்திகரித்தே வெளிவிட வேண்டும்.

மெத்தனால் மீட்கப்படாத கிளிசரினை மாட்டுத் தீவனத்தில் கலப்பதோ, சோப்பு என்று விற்பதோ குற்றத்துக்கு ஒப்பானது. மெத்தனால் மீட்டபின், காஸ்டிக் பொட்டாஷில் செய்த கிளிசரினைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சமன் செய்தால் பொட்டாசியம் பாஸ்பேட் உப்பு பிரியும். அது உரமாகப் பயன்படும். மீதிக் கிளிசரினைச் சாண எரிவாயுக் கலனில் சிறிதளவு சேர்த்தால் வாயு கூடும். ஒரே நாளில் நிறைய ஊற்றினால் கலன் புளித்து வாயு நின்றுவிடும். அப்படி நின்றால் கிளிசரினை நிறுத்தி, சாணக் கரைசலை மட்டும் குறைந்த அளவில் விட்டு, பி.எச். மீண்டும் 7-ஐத் தொடும்வரை பொறுத்திருந்து, பிறகு முன்பு ஊற்றியதில் பாதிக்கும் குறைவான அளவிலிருந்து தொடங்க வேண்டும்.